எண்ணெய் குளிர்ந்த மாலை

நான் அந்த வேலையில் இருந்தது மொத்தம் ஐம்பத்தெட்டு மணி நேரம். கதை கட்டும் பழக்கம் எனக்கில்லை. உள்ளங்கையில் தழும்பு இருக்கிறது.

2004. திருவண்ணாமலைக்கு வெளியே ஓர் ஆலையின் மின் நிலையம். பி.எஸ்சி. இயற்பியல் முடித்த எனக்கு முதல் வேலை. கார்த்திகை தீபத்தன்று எல்லோரும் மலை பார்க்கப் போய்விட்டார்கள். மீட்டர்கள் நிறைந்த கண்ணாடி அறையில் நான். கீழே டர்பைன் பக்கத்தில் ஃபிட்டர் நசீர் பாய்.

"சிவப்பு பட்டன்ல மட்டும் கை வெச்சுடாத மா. மெஷின் நின்னா உன் வேலையும் நின்னுடும்," என்று சிரித்துவிட்டுத்தான் இன்ஜினியர் பரசுராமன் கிளம்பினார்.

அப்பா படுத்த படுக்கை. என் சம்பளத்தை நம்பித்தான் வீடு.

மாலை 5.41. டர்பைனுக்குப் போகும் எண்ணெயின் சூடு 45 டிகிரியிலிருந்து 39க்கு இறங்கியது. அதிர்வு ஏறியது. எண்ணெய் குளிர்ந்தால் கெட்டியாகும். சுழலும் தண்டு அதில் நிலைகொள்ளாமல் தள்ளாடும். எண்ணெயைக் குளிரவைக்கும் தண்ணீரைக் குறைத்தால் சரியாகிவிடும்.

இன்டர்காமை எடுத்தேன்.

"பாய், கூலர் தண்ணிய கம்மி பண்ணுங்க."

"பண்ணிட்டேன் மா."

36.

"பாய்... அதிர்வு ஜாஸ்தி ஆவுது."

"மூடிக்கிட்டுதான் மா இருக்கேன்! இது..."

பேச்சு நின்றது.

32. கண்ணாடி நடுங்கியது. டர்பைன் சிதறினால் முதலில் பாய்தான்.

ஓடினேன்.

பாய் கூலர் தண்ணீர் வால்வின் சக்கரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். சக்கரம் அவரையும் இழுத்துக்கொண்டு சுழன்றது... திறந்துகொண்டே போனது.

"புடி மா!"

பிடித்தேன். உள்ளே ஓடுவது பச்சைத் தண்ணீர். சக்கரம் கொதித்தது.

முடி கருகும் வாசனை...

என் கைமேல் இன்னொரு கை. பாயுடையது இல்லை.

உதறிவிட்டு கண்ணாடி அறைக்கு ஓடினேன். அப்பா முகம் வந்தது. பட்டனை அறைந்தேன்.

இருட்டு.

டர்பைன் முனகி அடங்கியது. குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம்... பக்கத்தில் நீண்ட பெருமூச்சு.

"பாய், நீங்களா?"

"இல்ல."

ஊரிலிருந்து 'அரோகரா' கேட்டது. மணி 6.00.

மறுநாள் என்னை அனுப்பிவிட்டார்கள். பாய் கேட் வரை கூட வந்தார்.

"யார் பாய் அது?"

பாய் ஆலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"போன தீபத்தன்னிக்கு எண்ணெய்க் குழா வெடிச்சு உண்ணாமலைன்னு ஒரு பொண்ணு மேல கொட்டிடுச்சு மா. எரிஞ்சிக்கிட்டே அந்த வால்வுகிட்ட ஓடுச்சு. தண்ணிக்கு. தொறக்க முடியல... உன் சீட்ல இருந்த பொண்ணு."