மலகாவில் நான் தொலையவில்லை

பாரிஸில் கணவரின் சகோதரி மகளுக்குக் கலியாணம். அவ்வளவு தூரம் போகிறோம், இன்னொரு நாட்டையும் பார்த்துவிட்டு வருவோம் என்று திட்டம் போட்டவர் கணவரின் தமையன். அவரை நான் அத்தான் என்பேன், அவர் மனைவியை அக்கா என்பேன். கனடாவில் விட்பியிலிருந்து அவர்கள் இருவர், மோர்னிங்சைட்டிலிருந்து நாங்கள் இருவர். ஸ்பெயினின் தெற்குக் கரையில் மலகா என்ற நகரத்தில், கடல் தெரிகிற அப்பார்ட்மென்ட் ஒன்றை அத்தான் ஒரு கிழமைக்கு எடுத்திருந்தார்.

அந்த நகரத்துச் சாப்பாட்டைப் பற்றி நான் குளிர்காலம் முழுக்க வாசித்திருந்தேன். ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது என் வேலை. காலையில் பிள்ளைகளை இறக்கியதற்கும் பின்னேரம் ஏற்றுவதற்கும் நடுவில், ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஓட்டுநர் இருக்கையிலேயே இருந்து, எந்தத் தெருவில் எதைச் சாப்பிடலாம் என்று போனிலுள்ள வரைபடத்தில் குறித்து வைத்தேன். சந்தையில் தொடங்கிப் பழைய தெருக்கள் வழியாகக் கடற்கரையில் முடிகிற நடை அது. யாருடைய வழிகாட்டலும் வேண்டாம், கால் இருந்தால் போதும்.

அக்கா பாரிஸிலேயே அரிசி, மிளகாய்த்தூள், கருவாடு எல்லாம் வாங்கிப் பெட்டியில் அடைத்திருந்தாள். மலகாவில் முதல் நாள் சோறும் பருப்பும். அடுத்த நாள் சோறும் கோழிக்கறியும். அதற்கடுத்த நாள் காலை, வெங்காயம் வெட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே கடல் மினுங்கியது. வீட்டில் இத்தனை வருடமாகச் செய்ததைத்தான் இங்கேயும் வந்து செய்கிறேன் என்று எனக்குச் சுரீரென்று பட்டது. கத்தியைக் கழுவி வைத்துவிட்டுச் சப்பாத்தைக் காலில் மாட்டினேன்.

"நான் நடக்கப் போறன். மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னைப் பாராதேங்கோ."

டிவி பார்த்துக்கொண்டிருந்த அத்தான் திரும்பினார். "எங்கை? உமக்குப் பாஷையும் தெரியாது, வழியும் தெரியாது."

"வழி தெரியாமலோ அத்தான் ஒவ்வொரு நாளும் ஒரு பஸ் பிள்ளையளை ஏத்தி இறக்கிறன்?"

"உது வேறை, இது வேறை. வெளிச் சாப்பாடு எங்களுக்கு ஒத்துவராது. எதுக்கை எதைக் கலக்கிறாங்களோ தெரியாது."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தன் கால் பெருவிரலைப் பார்த்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினேன்.

வீராப்பாகத்தான் இறங்கினேன். ஆனால் சந்தை வாசலில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மீன்காரர்கள் கத்துகிற சத்தம், ஒரு எழுத்தும் புரியாத பலகைகள். உள்ளே ஒரு சின்னக் கடையில் எல்லாரும் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற கிழவரின் தட்டை விரலால் காட்டினேன். கடைக்காரர் தலையாட்டினார். அவ்வளவுதான் பாஷை. கொஞ்ச நேரத்தில் மாவில் புரட்டிப் பொரித்த நெத்தலி ஒரு தட்டு நிறைய வந்தது, ஓரத்தில் எலுமிச்சம் துண்டு. வாலைப் பிடித்துத் தூக்கி முழுசாக வாய்க்குள் போட்டேன். மொறுமொறுவென்று, கடலுப்போடு. ஊர் ஞாபகம் வந்திருக்குமே என்று பிறகு பலர் கேட்டார்கள். வரவில்லை. மலகாவில் நின்று மலகாவின் மீனைத்தான் தின்றேன்.

அடுத்த இடத்தில் பாதாமையும் உள்ளிப் பூண்டையும் பாண் ரொட்டியையும் அரைத்த வெள்ளைச் சூப், மேலே பச்சைத் திராட்சை. ஐஸ் போலக் குளிர்ந்தது. முதல் கரண்டி பிடிக்கவில்லை. ஐந்தாவது கரண்டியில் பிடித்துவிட்டது. அதற்கப்பால் சுவரோரம் பீப்பாய்கள் அடுக்கிய கடையொன்றில், பீப்பாயிலிருந்து நேரே பிடித்த இனிப்பு வைன் ஒரு சின்னக் கிளாஸ். என் ஆயுளில் முதல் வைன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குள் போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. அத்தான், அக்கா, திரும்ப அத்தான். ஒவ்வொரு தடவையும் வரைபடம் மறைந்து அவர்களின் பெயர் வந்தது. "நல்லா இருக்கிறன். பின்னேரம் வருவன்" என்று எழுதி அனுப்பிவிட்டுச் சத்தத்தை நிறுத்தினேன்.

வெயிலில் கடலோரமாக நெடுநேரம் நடந்தேன். கடைசியாகக் குறித்த இடத்தில், கடற்கரையில் ஒரு பழைய தோணியை மணலால் நிரப்பி, அதில் விறகு மூட்டியிருந்தார்கள். சாளை மீன்களைக் கம்பில் வரிசையாகக் குத்தி, தணலுக்குப் பக்கத்தில் சரித்து நட்டிருந்தார் ஒருவர். கொழுப்பு சொட்டச் சொட்டச் சுட்ட மீன். உப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. கையால் முள்ளெடுத்துத் தின்றேன். ஒருவருக்கும் பரிமாறாமல், ஒருவருடைய தட்டையும் பார்க்காமல், சூட்டோடு சாப்பிட்ட சாப்பாடு அது. போதாமல் இன்னொரு கம்பும் கேட்டேன்.

பின்னேரம் திரும்பி வந்தால் வீடு செத்தவீடு மாதிரி இருந்தது. அத்தான் பொலிஸுக்குப் போய் என்னைக் காணவில்லை என்று சொல்லியிருக்கிறார். அவருடைய போனுக்கு நான் அனுப்பிய செய்தியை மொழிபெயர்த்துப் பார்த்த பொலிஸ்காரர், "வருவேன் என்று எழுதியிருக்கிறாவே" என்று சிரித்து அனுப்பிவிட்டாராம். அந்தக் கோபம் முழுக்க எனக்காகக் காத்திருந்தது.

"மனிசரை இப்பிடித் தவிக்க விடலாமோ?"

"சொல்லிப்போட்டுத்தானே போனனான். தவிக்கச் சொல்லி நான் கேக்கேல்லையே."

அதுவரை நான் அவருக்கு அப்படிப் பதில் சொன்னதில்லை. அக்கா மட்டும் பிறகு குசினிக்குள் கிட்ட வந்து என் சட்டையை மணந்து பார்த்தாள்.

"என்னடி, புகை மணக்குது?"

"சுட்ட சாளை."

"தூள் போடுவினமோ?"

"உப்பு மட்டும்."

"உப்பு மட்டுமோ?" என்று கேட்டுவிட்டு, கழுவிய சட்டியையே திரும்பவும் கழுவிக்கொண்டு நின்றாள்.

கனடா வந்தபின் விட்பியில் ஒரு பிறந்தநாள் விழா. மேசை நிறைய ஆட்கள். அத்தான் கிளாஸும் கையுமாகக் கதை சொல்லத் தொடங்கினார்: "இவ ஸ்பெயினிலை துலைஞ்சுபோய், நான் பொலிஸ் வரைக்கும் போய்…" எல்லாரும் சிரித்தார்கள். நான் பதில் சொல்ல எழும்புவதற்குள், கணவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"துலையேல்லை அண்ணை. போறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவ."

தமையனுக்கு அவர் மறுத்துப் பேசி நான் கேட்டது அன்றுதான். கொஞ்சம் பிந்திவிட்டது. இருந்தாலும் ஏற்றுக்கொண்டேன்.

இப்போது மார்ச் விடுமுறைக்கு, ஸ்பெயினின் வேறொரு கரையோர நகரத்துக்கு விமான ரிக்கெற் போட்டிருக்கிறேன். செய்தி விட்பிக்கு எட்டி, அத்தான் உடனே போன் எடுத்தார்.

"ஆரோடை போறீர்?"

"தனிய."

"தனியவோ? அங்கை உம்மை ஆர் பாக்கிறது?"

"என்னை ஏன் பாக்கோணும் அத்தான்? நான் பாக்கத்தானே போறன்."