ஒன்பது மாத வருஷம்

உப்பு மூட்டைகளின் எண்ணிக்கையைத் தவிர நான் எதையும் எழுதிப் பழகியவன் இல்லை. பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் இருக்கிற இடத்தில் பேசவே கூச்சப்படுகிறவன் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேச வேண்டிய ஒரு இடத்தில் பேசாமல் நின்றேன். அதைத்தான் எழுதுகிறேன்.

மரக்காணத்தில் ஒரு உப்பள ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. நிழலில் நாற்காலி போட்டு உட்காருகிறவன் என்பதால் பாத்தியில் இறங்குகிறவர்களுக்கு நான் ‘ஆபீஸ்காரர்’. தளம் போட்ட வீடு, தவணை முடிந்த பைக், திண்டிவனத்தில் காலேஜ் படிக்கும் மகள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

ஆடி மாதம் என் மனைவிக்குச் சாப்பிட்டதும் வலது விலாவுக்குக் கீழே வலிக்க ஆரம்பித்தது. வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்துப் பார்த்தாள். பாண்டிச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தோம். பித்தப்பையில் கல்.

“பையையே எடுத்துடணும்மா. கல்லு நழுவி குழாய அடைச்சிக்கிட்டா மஞ்சள் காமாலையில கொண்டுபோய் விட்டுடும். தள்ளிப் போடாதீங்க” என்றார் டாக்டர்.

கீழே பணம் கட்டும் இடத்தில் இருந்த பெண், “இன்சூரன்ஸ் இருக்குதுங்களா?” என்று கேட்டாள். இருந்தது என்று சொல்ல வந்து, இல்லை என்றேன்.

என் சகலை, அதாவது மனைவியின் அக்கா வீட்டுக்காரர், இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவர் சொல்லித்தான் மூன்று பேருக்கும் சேர்த்து பாலிசி போட்டேன். போட்டது ஒரு கார்த்திகையில். அதனால் ஒவ்வொரு வருஷமும் கட்ட வேண்டிய நாள் கார்த்திகையிலேயே வந்து நின்றது. அப்போது பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர். எங்களுக்கு வருஷம் என்பது தையில் தொடங்கிப் புரட்டாசியில் முடிந்துவிடும். அந்த ஒன்பது மாதம்தான் எனக்குச் சம்பளம். மழை மாதங்களில், இருப்பு உப்பை ஏற்ற லாரி வருகிற நாளுக்கு மட்டும் பேட்டா. இரண்டு வருஷம் எப்படியோ கட்டினேன். மூன்றாம் வருஷம் வயது கூடிவிட்டது என்று தொகையை ஏற்றியிருந்தார்கள். என் ஒரு மாதச் சம்பளம் அதற்குப் போதவில்லை. மகளின் பீஸும் அந்த வாரமே வந்தது. பாலிசியை விட்டுவிட்டேன்.

ஸ்கேன் எடுத்த சில நாளில் சகலை வீட்டுக்கு வந்தார்.

“புதுசா போட்டுடலாம் சகலை. ஆனா இந்தக் கல்லுக்கு ரெண்டு வருஷம் வெயிட்டிங், அதுக்கப்புறம்தான் பணம் தருவாங்க.”

“கல்லு வெயிட் பண்ணுமான்னு உங்க கம்பெனியில கேட்டுச் சொல்லுங்க மாமா” என்றாள் என் மனைவி.

அவர் சிரித்துவிட்டு, “அரசாங்க இன்சூரன்ஸ் கார்டு எடுத்துடுங்க. அதே ஆஸ்பத்திரியில கார்டுலயே ஆபரேஷன் பண்றாங்க. வருமானச் சான்று ஒண்ணுதான் வேணும்” என்றார்.

கிராம நிர்வாக அலுவலகத்தில் வரிசை. என் முறை வந்ததும் அலுவலர் தலையை நிமிர்த்தாமல், “மாசம் எவ்ளோ வருது?” என்றார். சொன்னேன். அவர் செல்போனில் அதைப் பன்னிரண்டால் பெருக்கினார்.

ஒன்பதால் பெருக்கணும் சார் என்று வாய் வரைக்கும் வந்தது. எனக்குப் பின்னால் எங்கள் உப்பளத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எனக்குப் பன்னிரண்டு மாதமும் சம்பளம் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டிருந்தேன்.

“ஆபீஸ்காரருக்கே கார்டுன்னா, எங்களுக்கு வீட்டாண்டயே கொண்டாந்து குடுப்பாங்களா சார்?” என்றாள் ஒருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். சான்றில் வந்த தொகை கார்டுக்கான வருமான வரம்பைத் தாண்டியிருந்தது. ஒன்பதால் பெருக்கியிருந்தால் உள்ளே வந்திருக்கும்.

“ஒன்பதுன்னு ஒரு வார்த்தை. வாயில என்னாங்க வெச்சிருந்தீங்க?” என்று கேட்டாள் மனைவி.

கிராம அலுவலகத்துக்கு மறுபடி போனேன். “சிஸ்டத்துல ஏறிடுச்சே. மூணு மாசம் சம்பளம் இல்லன்னு உங்க ஓனர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க, மாத்தி அனுப்பறேன்” என்றார் அலுவலர்.

அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பார்த்தோம். அங்கே செலவில்லை. ஆனால் கூட்டம், தை கடைசியில்தான் தேதி கொடுத்தார்கள். அதுவரை எண்ணெய், தேங்காய் எதுவும் வேண்டாம் என்றார்கள். அவள் ரசம் சோற்றோடு நிறுத்திக்கொண்டாள். அப்படியும் வாரத்துக்கு ஒரு தரம் வலி வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒவ்வொரு தரமும் அவள் கண் மஞ்சளாகிவிட்டதா என்று பார்ப்பேன்.

முதலாளியிடம் லெட்டர் கேட்க எனக்குப் பதினோரு நாள் ஆனது. ஐப்பசி பிறந்து, பாத்தியில் தண்ணீர் ஏறிய பிறகு ஒரு மத்தியானம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

“அப்படி எழுதிக் குடுத்தா, மூணு மாசம் ஏன் சம்பளம் தரலன்னு லேபர் ஆபீஸ்ல என்னைத்தானப்பா கேப்பாங்க. நீயே சொல்லு.”

அவர் சொன்னதும் நியாயமாகவே பட்டது. எனக்கு நியாயமாகப் படாதது என்று எதுவுமே இல்லை. டாக்டர், சகலை, அலுவலர், எல்லோரும் சரியாகத்தான் பேசினார்கள்.

“கைமாத்தா கொஞ்சம் தர்றேன், வாங்கிக்க” என்றார். அது ஆபரேஷனுக்குப் பக்கத்தில்கூட வராது. “இருக்கட்டுங்க” என்று வெளியே வந்தேன்.

வீட்டில் அவள் தட்டில் இட்லியை வெறுமனே பிட்டுத் தின்றுகொண்டிருந்தாள்.

“கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

என் முகத்தைப் பார்த்தாள். “கேட்டீங்க இல்ல. அது போதும். தை வராமயா போவுது?” என்று சொல்லிவிட்டு, எனக்கு மட்டும் சட்னியை எடுத்து வைத்தாள்.

மறுநாள் லாரி வந்தது. நூற்று நாற்பது மூட்டை ஏற்றினோம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, காலேஜுக்குப் போகாமல் வீட்டில் இருந்த மகள் போன் செய்து, அம்மாவுக்கு மறுபடி வலி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னாள்.