ஒன்பதாம் கம்பத்துத் தண்ணீர்ப்பை

"அப்பா, பையை நிரப்பாமலா போறோம்?"

ஐந்து வயதில் நான் கேட்ட கேள்வி இது. பதில் கிடைக்க முப்பத்து நான்கு வருடம் ஆயிற்று. கிடைத்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். இது நடந்தது. எனக்கு நடந்தது. ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவள் நான். அங்கே நின்று சத்தியம் செய்யச் சொன்னாலும் இதில் ஒரு வார்த்தையை மாற்ற மாட்டேன்.

நாங்கள் இருந்த இடத்துக்கு டெரில் ஃப்ளாட்ஸ் என்று பெயர். கலிபோர்னியப் பாலைவனத்தின் நடுவே கடற்படை கட்டிய குடியிருப்பு. கடலில்லாத ஊரில் கடற்படை என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். அப்பா மெர்லுக்கு ராக்கெட் பறப்பதைப் படம் பிடிக்கும் வேலை. அங்கே யாரும் வீட்டுக் கதவைப் பூட்டியதில்லை. வாயைத்தான் பூட்டி வைத்திருந்தார்கள். "நீ எதையும் பாக்கல, சரியா?" என்பதைக் கேட்டுத்தான் அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் வளர்ந்தோம்.

சோதனைத் திடலுக்குள் ஒரு மண் ரோடு போகும். அதன் ஓரமாக டெலிபோன் கம்பங்கள். ஒன்பதாம் கம்பத்தில் எப்போதும் முரட்டுத் துணியில் தைத்த ஒரு கித்தான் தண்ணீர்ப்பை தொங்கும். வண்டி நின்றுபோனவர் யாராக இருந்தாலும் குடிக்கலாம். குடித்தவர் அன்று பொழுது சாய்வதற்குள் நிரப்பி, மறுபடி மாட்டிவிட வேண்டும். எங்கும் எழுதி வைக்காத சட்டம். ஆனால் அதிகாரி முதல் சமையல்காரர் வரை யாரும் அதை மீறியதில்லை.

1957 ஆகஸ்ட் 15, வியாழக்கிழமை. பக்கத்து ஊரில் எனக்கு ஷூ வாங்கிக்கொண்டு திரும்பினோம். குடும்பத்தோடு போகக்கூடாத அந்த ரோட்டில், குறுக்கு வழி என்று அப்பா வண்டியை விட்டார். இன்ஜின் கொதித்தது. பையிலிருந்த தண்ணீர் முழுவதையும் அதில் ஊற்றினார். காலிப் பையைக் கம்பத்தில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"நாளைக்குப் பாத்துக்கலாம், ரோ. நீ எதையும் பாக்கல, சரியா?"

மறுநாள் விடியற்காலையில் சோதனைச் சங்கு ஊதியது. திடல் வாசலில் சிவப்புக் கொடி ஏறியது. ரோடு மூடப்பட்டது. காவலரிடம் "பை காலி" என்று சொன்னால் போதும், யாராவது நிரப்பியிருப்பார்கள். ஆனால் அங்கே எதற்குப் போனாய் என்று கேட்பார்கள். வேலை போய்விடும். அப்பா வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதமே மாற்றல் வாங்கிக்கொண்டு எங்களை ஒஹாயோவுக்கு அழைத்துப் போய்விட்டார்.

1983-ல் அவர் இறப்பதற்கு முன் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ஒரே கேள்வியைக் கேட்டார். "பையை நிரப்பியாச்சா, ரோ?"

"நிரப்பியாச்சுப்பா" என்றேன்.

பொய். அந்தப் பொய் என்னை ஓர் இடத்தில் உட்காரவிடவில்லை. வீட்டில் எந்தப் பாத்திரம் காலியாக இருந்தாலும் எழுந்து போய்த் தண்ணீர் ஊற்றுவேன். ஏனென்று எனக்கே தெரியாது.

1991 செப்டம்பரில் டெரில் ஃப்ளாட்ஸ் பழைய குடியிருப்புக்காரர்கள் பக்கத்து ஊர் தேவாலயக் கூடத்தில் கூடுவதாகக் கடிதம் வந்தது. போனேன். தளத்தை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. வீடுகளை இடித்துவிட்டார்கள். நெடுஞ்சாலையில் போகும்போது அந்த மண் ரோடு தெரிந்தது. தடுப்புச் சங்கிலி அறுந்து கிடந்தது.

திரும்ப வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கை தானாகத் திருப்பியது. மணி 3:05.

3:22-க்குக் காற்று ஆரம்பித்தது. முதலில் விசில் மாதிரி மெல்லிய சத்தம். பிறகு வண்டியின் தகரத்தில் மணல் சரசரவென்று தேய்க்கும் சத்தம். வெளியே நூற்றெட்டு டிகிரி வெயில். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. கொண்டுவந்த இரண்டு பாட்டில் தண்ணீரையும் அதில் ஊற்றினேன். ஊற்றி முடித்த பிறகுதான் நான் செய்தது உறைத்தது. அப்பா செய்ததும் இதைத்தான்.

வண்டி கிளம்பவில்லை.

3:40. வானம் பழுப்பாகி, பிறகு இருட்டாயிற்று. நாலடி தள்ளி இருந்த கம்பம் தெரியவில்லை. தொண்டையில் மண். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. ஜெபிக்க வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

3:51. கண்ணாடியில்...

டொக்.

கல்லாக இருக்கும் என்று நினைத்தேன்.

டொக். டொக்.

ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். காக்கிச் சட்டை, இடுப்பில் கருவிகள் செருகிய தோல் பெல்ட். யாரோ ரோட்டு வேலைக்காரர் உதவிக்கு வந்திருக்கிறார் என்று நிம்மதியாகக் கண்ணாடியை இறக்கினேன். அவர் கையில் ஒரு கித்தான் பை.

"குடிம்மா" என்றார். நாக்கு தடித்தவர் பேசுவது போல இருந்தது.

குடித்தேன். பாறைச் சுனைத் தண்ணீர் மாதிரி அப்படி ஒரு குளிர்ச்சி. மூச்சு விடாமல் குடித்தேன். குடிக்கக் குடிக்கத்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது.

தண்ணீர் நிறைந்த கித்தான் பை வெளியே கசியும். தொட்டால் கை ஈரமாகும். இந்தப் பையின் வெளிப்புறம் காய்ந்து கிடந்தது.

காற்று வண்டியையே உலுக்கியது. அவர் சட்டைக் காலர் அசையவில்லை. பையின் கயிறும் ஆடவில்லை.

அவர் உதடு கறுத்து, பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"நீங்க... குடிக்கலையா?"

அவர் என் ஷூவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பையை நிரப்பி மாட்டிடு, ரோ."

என் பெயரை நான் சொல்லவில்லை.

"நாளைக்குன்னு சொல்லிடாத."

கண்ணை மூடினேன்.

திறந்தேன்.

யாருமில்லை.

காற்று நின்றிருந்தது. மணி 4:10. சாவியைத் திருகினேன். வண்டி கிளம்பிவிட்டது. மணலில் ஒரு காலடித் தடமும் இல்லை. வெளியே, நாலடி தள்ளி, கம்பம். அதன் தகரத்தில் துருவேறிய ஒன்பது.

பை என் மடியில் இருந்தது. அதைப் பார்க்கப் பயந்து பின் சீட்டில் போட்டேன்.

4:40-க்குக் கூடத்துக்குள் நுழைந்தேன். உருளைக்கிழங்கு சாலட், கோழி வறுவல், ஐஸ் டீ. பழைய வாசல் காவலர் ஆர்வில் ஸ்டோக்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"யாரு, மெர்ல் பொண்ணா? ஏம்மா, பாலைவனத்துல பாதிய தலையில சுமந்துக்கிட்டு வந்திருக்கியே!"

"சும்மா இருங்க, அந்தப் பொண்ணே மிரண்டு போயிருக்கா" என்று அவர் மனைவி ஐடெல் அதட்டினாள். "அந்தக் காலத்துல வாயைத் திறக்க மாட்டாரு. இப்ப மூட மாட்டேங்கிறாரு."

நான் உட்கார்ந்தேன். "ஆர்வில் மாமா, ஒன்பதாம் கம்பத்துல ஏதாவது நடந்துச்சா? நாங்க இருந்தப்போ?"

அவர் சிரிப்பு போய்விட்டது. ஐடெல் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

அவர் குரலைத் தாழ்த்தினார். "டெல்பர்ட் கூம்ஸ்னு ஒரு லைன்மேன் இருந்தான். தங்கமான பையன். வாரா வாரம் அந்தப் பையை அவன்தான் தேய்ச்சுக் கழுவுவான். அம்பத்தேழு ஆகஸ்ட்ல, ஒரு சனிக்கிழமை, திடலுக்குள்ள லைன் அறுந்து போச்சுன்னு அவனை மட்டும் உள்ள அனுப்பினாங்க. அவன் வண்டி நின்னு போச்சு. பதினோரு மைல், அந்த வெயில்ல, வாசல் பக்கம் வராம ஒன்பதாம் கம்பத்துக்கு நடந்திருக்கான். அங்க தண்ணி இருக்கும்ங்கிற நம்பிக்கையில."

குனிந்து என் ஷூவைப் பார்த்தேன்.

"செவ்வாய்க்கிழமைதான் கண்டுபிடிச்சோம். கம்பத்துல சாஞ்சு உக்காந்திருந்தான். பை மடியில. கத்தியால மூலைக்கு மூலை கிழிச்சு வச்சிருந்தான்மா. உள்ளே ஈரம் இருந்தா நக்கிக்கலாம்னு. வெளிய பேசக் கூடாதுன்னு எங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்க. பையை அவன்கூடவே பொதைச்சுட்டோம்."

"காலி பண்ணினது யாரு?"

"யாரும் எதையும் பாக்கல" என்றார் ஆர்வில்.

எழுந்து வெளியே போனேன். 5:10. வண்டியின் பின்கதவைத் திறந்தேன்.

பை அங்கேயே கிடந்தது.

தூக்கிப் பிடித்தேன்.

மூலைக்கு மூலை... கிழிசல்.

அதற்குள் என் கை முழுவதும் நுழைந்து மறுபக்கம் வந்தது. உள்ளே முப்பது வருடத்துப் புழுதி. ஒரு சொட்டு தண்ணீர் கூட அதில் நிற்க முடியாது.

நான் அதில்தான் குடித்தேன். வயிறு நிறைய.

பயத்தில் முதலில் அழுதேன். பிறகு அவர் உதட்டை நினைத்து அழுதேன். தனக்குக் கிடைக்காத தண்ணீரை, அதைக் கொட்டித் தீர்த்தவன் மகளுக்கே கொண்டுவந்து நீட்டியிருக்கிறார். இதற்கு விளக்கம் என்னிடம் இல்லை. கேட்டாலும் யாரும் சொல்லப் போவதில்லை.

நாளைக்கு என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கூடத்துக் கொட்டகையில் ஒரு கோணி ஊசி இருந்தது. மெழுகுவர்த்தியில் நூலைத் தேய்த்து, வண்டியில் உட்கார்ந்தபடியே நெருக்கமாகத் தைத்தேன். விரல் இரண்டு இடத்தில் கிழிந்தது. தைத்த இடத்தில் மெழுகை உருக்கி ஊற்றினேன். கூடத்துக் குழாயில் பையை நிரப்பினேன். கசிந்தது. கசியத்தான் வேண்டும்.

மண் ரோட்டில் திரும்பியபோது மேற்கே ஒரு கீற்று வெளிச்சம் மிச்சமிருந்தது. 7:06.

துருவேறிய கொக்கி இன்னும் கம்பத்தில் இருந்தது. கயிற்றை அதில் மாட்டினேன். கண்ணுக்கெட்டிய தூரம் யாருமில்லை. கித்தான் மெல்ல நனைந்து கறுத்தது. அடியிலிருந்து ஒரு சொட்டு மணலில் விழுந்தது. இன்னொன்று.

காற்று வந்தது. பை ஆடியது, எல்லாப் பைகளும் ஆடுவது போல.

"நிரப்பியாச்சுப்பா" என்றேன்.