வெளிர்நீல உடைப் படம்

சமையற்கட்டில் ஒதாகி எள் அரைக்கும் கரகரப்பு கூடம்வரை கேட்டது. கூடத்தில் அவள் கணவர் குமஹாச்சியின் முன்னால், படக்கடை ஆள் செய்சுகே படம் வரைந்த ஒரு மெல்லிய தாளை விரித்தார். நாளை மதியத்துக்குள் முகம் செதுக்கி முடிக்க வேண்டும், அடுத்த கடைக்காரன் முந்திவிட்டால் நம் படத்தைச் சீண்ட ஆள் இருக்காது என்றார்.

எங்கள் எடோ நகரத்தில் குமஹாச்சி கபுகி நாடக நடிகர்களின் தலையை மட்டும்தான் படம் அச்சடிக்கும் மரப்பலகையில் செதுக்குவார். உடையும் கைகளும் மற்றவர்கள் பாடு. கண், உதடு, நெற்றியோரத்து மயிரிழைகள் அவருடையவை. பாவி மனிதருக்கு ஒரே மகன். ஆறு வயதில் அவன் அழகைப் பார்த்து ஒரு நடிகர் குடும்பம் தத்துக் கேட்டு எடுத்துக்கொண்டது. தாங்கள்தான் பெற்றவர்கள் என்று எவரிடமும் வாய் திறக்கக் கூடாதென்று சத்தியமும் வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு மகனுடைய முகத்தைத் தொட அவருக்கு உளி ஒன்றுதான் வழி. இதுவரை பதினொரு படங்கள்.

குமஹாச்சி தாளைப் பார்த்தார். வெளிர்நீல உடை, கையில் ஜெபமாலை. நடிகர் இறந்தால்தான் அப்படி வரைவார்கள். மேலே சவானோ உமெஜிரோ, வயது இருபத்தெட்டு என்று எழுதியிருந்தது.

அவர் மகனின் மேடைப் பெயர்.

ஒசாகாவில் ஆடப்போன இடத்தில் காய்ச்சலாம், நாலே நாளாம். கடைத்தெருவில் பெண்கள் இப்போதே அழுகிறார்களாம், படம் சுடச்சுடப் போகுமாம். செய்சுகே சொல்லிக்கொண்டே போனார்.

எள் அரைக்கும் சத்தம் நின்றது. ஒதாகி வந்து தாளை எட்டிப் பார்த்தாள்.

"வயசு தப்பு. இருபத்தெட்டு இல்ல, இருபத்தாறு."

"நடிகர் வீட்லயே சொன்ன வயசு அது, அக்கா," செய்சுகே சிரித்தார். "பெத்தவ மாதிரியில்ல பேசறீங்க."

ஒதாகி கணவரைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை, அவர் சொல்லியிருக்கலாம். செத்த பிறகாவது பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் உமெஜிரோ பெரிய நடிகர் குலத்தின் வாரிசாகச் சாம்பலாகப் போகிறவன். மரம் செதுக்குகிறவன் மகன் என்ற பேச்சு அவன் ஈமச்சடங்கில் எழ வேண்டுமா?

"அவ ஒரு நாடகப் பைத்தியம் தம்பி," என்றார் குமஹாச்சி. "தாள்ல இருக்கறபடியே இருக்கட்டும்."

ஒதாகி தாளைக் கணவர் பக்கம் நகர்த்தினாள். "முகத்தை மட்டும் வேற யார்கிட்டயும் விட்டுடாதீங்க," என்றாள்.

அவர் தலையாட்டினார். செய்சுகே செருப்பை மாட்டிக்கொண்டு, நாளை மதியம் என்று மறுபடி நினைவூட்டிவிட்டுக் கிளம்பினார். அவர் சந்து திரும்பும்வரை இருவரும் அசையவில்லை. பிறகு ஒதாகி கதவை இழுத்து மூடினாள்.