உலைக்குப் போன துவக்குகள்

எண்பத்தாறாம் ஆண்டு நான் டென்மார்க்கில் ஓர் உருக்காலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். கோப்பன்ஹேகனுக்கு வடக்கே, நிலத்துக்குள் கடல் நுழைந்த ஃபியோர்டு ஓரத்தில் இருந்த சிறிய நகரம் அது. யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையில் இரசாயனம் படிப்பித்தவள் என்று அகதிகள் காரியாலயத்தில் சொல்லியிருந்தேன். அங்கிருந்த பெண் அதை எழுதிக்கொண்டார். டேனிஷ் வகுப்பு முடிந்ததும் மூன்று மாதப் பயிற்சிக்கு என்று அனுப்பினார்கள். பயிற்சி முடிந்தபோது ஆய்வுகூடத்தில் ஒருவர் பிரசவ விடுமுறையில் போனார். அந்த இடத்தில் நான் தங்கிவிட்டேன்.

அந்த நகரம் பீரங்கியால் உண்டானது. அரசர் காலத்தில் படைக்குப் பீரங்கி வார்க்க அங்கே ஒரு வார்ப்படச் சாலை கட்டினார்கள். அதைச் சுற்றி வீடுகள் வந்தன. பீரங்கிக்குத் தேவை குறைந்தபோது அடுப்பும் கலப்பையும் வார்த்தார்கள். பிறகு கப்பல் கட்டும் தகடு. நான் போன நேரத்தில் பழைய வார்ப்படக் கட்டடத்தில் ஓவியக் கண்காட்சி நடந்தது. ஆலையில் உருகியது முழுவதும் பழைய இரும்பு: நசுக்கிய கார்கள், தண்டவாளங்கள், உடைத்த கப்பல்கள். கப்பல் கட்டும் துறைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்ததால் தகட்டுக்கு ஓடர் குறைந்திருந்தது. சில பிரிவுகளில் ஒரு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு.

என் வேலை எளியது. உலையிலிருந்து ஒரு கரண்டி உருக்கை அள்ளி அச்சில் ஊற்றுவார்கள். நாணயம் அளவில் இறுகிய அந்தத் துண்டு காற்றுக் குழாய் வழியாக ஆய்வுகூடத்துக்கு வந்து விழும், தொட முடியாத சூட்டோடு. அதன் முகத்தைத் தேய்த்து மினுக்கி இயந்திரத்தில் வைப்பேன். கரி எவ்வளவு, கந்தகம் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று தாளில் அடித்துவரும். அதை உலைக்காரர்களுக்குத் தொலைபேசியில் வாசிப்பேன். என் டேனிஷ் உச்சரிப்பில் எண்கள் மட்டும் முதலில் திருந்தியது அதனால்தான்.

ஆலையில் எனக்குப் பழக்கமானவர் ஒரே ஒருவர், பழைய இரும்பு முற்றத்தில் காந்தக் கிரேன் ஓட்டியவர். ஐம்பது வயது இருக்கும். நானும் கணவரும் இருந்த தெருவுக்கு அடுத்த தெரு. பனிக்காலத்தில் பஸ் வராத நாள்களில் வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஹோர்ன் அடிப்பார். வழியில் அதிகம் பேசமாட்டார். டேனிஷில் எல்லாருக்கும் ஒரே 'நீ'தான். ஆனாலும் அவரை நினைக்கும்போது எனக்கு 'நீங்கள்' என்றுதான் வருகிறது.

வசந்தத்தில் ஒரு நாள் காலை ஆய்வுகூடத் தலைவி என்னைக் கூப்பிட்டார். பொலிஸ் லொறி ஒன்று வந்திருக்கிறது, பறிமுதல் செய்ததும் சனங்கள் ஒப்படைத்ததுமான துவக்குகள், வேட்டைத் துப்பாக்கி முதல் பழைய இராணுவத் துப்பாக்கி வரை, உலையில் போடவேண்டும், ஆலை சார்பில் ஒருவர் எண்ணிப் பார்த்துச் சாட்சிக் கையெழுத்து வைக்கவேண்டும் என்றார். உலைக்குச் செங்கல் மாற்றிக்கொண்டிருந்ததால் மத்தியானம் வரை எனக்கு வேலை இல்லை. அதனால் நான்.

முற்றத்தில் ஒரு தார்ப்பாயை விரித்து வரிசையாக வைத்திருந்தார்கள். அறுபத்தியொன்று. நான் போனபோது கிரேன்காரரும் பொலிஸ்காரரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். பொலிஸ்காரர் இளைஞர், கையில் பட்டியல்.

"எல்லாத்தையும் நாங்கள் பாத்திட்டம். ஒண்டிலயும் ரவை இல்லை," என்றார் அவர்.

"ரவையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. தண்ணியைப் பற்றித்தான் கவலை. மூடின குழாய்க்குள்ள தண்ணி நிண்டா உலை வெடிக்கும். ஒவ்வொண்டாத் திறந்து பாத்துத்தான் போடுவன்."

"அதுக்கு எவ்வளவு நேரம்?"

"செல்லுற நேரம் செல்லும்."

அவர் என்னைப் பார்த்து ஒரு சோடி கையுறையை நீட்டினார். "சும்மாதானே நிக்கிறீங்கள். ஒரு கை பிடியுங்கோ."

நான் அதுவரை துவக்கைத் தொட்டதில்லை. ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பு நாள்களில் வெகு கிட்டத்தில் கண்டிருக்கிறேன், எப்போதும் அதன் வாய்ப்பக்கம் நின்று. இரண்டு நாடு தாண்டி வந்து, ஓர் இரும்பு முற்றத்தில், முதல் தடவையாக ஒன்றைக் கையில் எடுத்தேன். எதிர்பார்த்ததைவிடப் பாரம். எண்ணெய் மணந்தது. பூட்டை எப்படி இழுப்பது என்று அவர் ஒரு முறை செய்து காட்டினார். இரண்டாவதிலேயே பிடிபட்டுவிட்டது. திறப்பேன், குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மறுபக்கம் தெரிகிறதா என்று பார்ப்பேன், பட்டியலில் அடையாளம் போடுவேன். பத்துக்கு மேல் அது விளக்குமாற்றுத் தடிபோல ஆகிவிட்டது. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பதினேழாவதோ பதினெட்டாவதோ ஒன்றைச் சரித்தபோது குழாயிலிருந்து துருத்தண்ணீர் கொட்டியது. கிரேன்காரர் பொலிஸ்காரரைத் திரும்பிப் பார்த்தார். பொலிஸ்காரர் பிறகு நேரத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

பாதிக்கு மேல் முடிந்திருக்கும். கிரேன்காரர் ஒரு பழைய இராணுவத் துவக்கோடு நின்றுவிட்டார். திருகாணியைக் கழற்றி மரத்தை எடுத்துவிட்டு, குழாயின் அடிப்பக்கத்தைப் பெருவிரலால் துடைத்தார். அங்கே மூன்று சிறிய புள்ளிகளும் ஓர் எழுத்தும் குத்தியிருந்தன.

"இது அப்பா கடைஞ்சது," என்றார்.

அவருடைய தகப்பன் கோப்பன்ஹேகனில் படைக்குத் துவக்குச் செய்த பட்டறையில் குழாய் கடையும் கடைசல்காரராக இருந்தவராம். ஒவ்வொரு கடைசல்காரருக்கும் ஒரு குறி உண்டு. மரம் மூடிவிடுவதால் வெளியே தெரியாது. பட்டறையில் வேலை குறைந்தபோது தகப்பன் இந்த நகரத்துக்கு வந்து தகடு உருட்டும் வேலையில் சேர்ந்தார். அந்தக் கதையை அவர் சொன்ன விதத்தில் விசேஷமாக ஒன்றும் இல்லை. பஸ் தடம் மாறியதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அந்தக் குழாயைத் தான் எடுத்துக்கொள்ளலாமா என்று பொலிஸ்காரரிடம் கேட்டார். அவர் நிமிர்ந்து பார்த்து, "பட்டியலில இருக்கு. உலைக்குள்ளதான் போகவேணும். மரத்தை வேணுமெண்டா எடுங்கோ, மரம் பட்டியலில இல்லை," என்றார்.

"மரம் வேற ஆள் செய்தது."

சிறிது நேரத்தில் பொலிஸ்காரருக்குத் தொலைபேசி என்று காவலறையிலிருந்து கூப்பிட்டார்கள். அவர் பட்டியலை என்னிடம் தந்துவிட்டுப் போனார். முற்றத்தில் நாங்கள் இருவர் மட்டும். மூன்று அடி தள்ளி ஒரு மலைபோலப் பழைய இரும்பு. ஒரு குழாயை அதற்குள் செருகினால் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. பின்னேரம் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

அவர் குழாயைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"ஒண்டு குறைஞ்சாலும் நான் கையெழுத்து வைக்கமாட்டன்," என்றேன்.

"இது சுடாது. பூட்டைக் கழட்டிப்போட்டன். வெறும் குழாய்."

"ஓம், தெரியும். ஆனா எண்ணிக்கையில இது ஒரு துவக்கு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு யோசித்திருக்கிறேன். பாதி பயம். எங்கள் வதிவிட அனுமதி அப்போதும் தற்காலிகமாகவே இருந்தது, பொலிஸ் தாளில் பொய்க் கையெழுத்து வைக்க எனக்குத் துணிவில்லை. மற்றப் பாதி, துவக்குகள் ஒன்றுகூட மிஞ்சாமல் இல்லாமல் போவதை ஒரு தடவை என் கண்ணால் பார்க்கவேண்டும் என்ற எண்ணம். அதை டேனிஷில் விளக்க எனக்கு அப்போது மொழி போதாது. தமிழிலும் ஒருவரிடமும் சொன்னதில்லை.

அவர் குழாயை மற்றவற்றோடு வைத்தார், எறியவில்லை. பொலிஸ்காரர் திரும்பி வந்தார். அறுபத்தியொன்றும் சரி. கையெழுத்து வைத்தேன். கிரேன்காரர் ஏணியில் ஏறித் தன் கூண்டுக்குப் போய்க் காந்தத்தை இறக்கினார். துவக்குகள் ஒரு கொத்தாக ஒட்டிக்கொண்டு மேலே போயின. இரண்டு நசுங்கிய கார்களுக்கு மேல், உலைக்கு இரும்பு கொண்டுபோகும் கூடைக்குள் விழுந்தன.

பின்னேரம் அந்த உருக்கின் துண்டு காற்றுக் குழாயில் வந்தது. தேய்த்தேன், இயந்திரத்தில் வைத்தேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாளைப் பார்த்தேன். குரோமியம், நிக்கல், எதிலும் வித்தியாசம் இல்லை. நூறு தொன்னில் அறுபத்தியொரு துவக்கு ஒரு பொருட்டில்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

"உமக்கென்ன விசரே? பனிக்குள்ள உம்மைக் காரில ஏத்தி இறக்கிற மனுசன். ஒரு குழாய்தானே, குடுத்திருக்கலாம்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இல்லை, நீர் செய்ததுதான் சரி," என்றார். அதற்கும் சிறிது நேரம் கழித்து, "எண்டாலும்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வாரங்களில் ஹோர்ன் சத்தம் கேட்கவில்லை. பனி உருகிவிட்டதால் தேவையும் இருக்கவில்லை. கண்டால் தலையசைப்பார்.

இலையுதிர் காலத்தில் ஆய்வுகூடத்துக்குப் புது இயந்திரம் வந்தது. துண்டைத் தானே தேய்த்து, தானே அளந்து, எண்களை நேரே உலைக்கு அனுப்பியது. விடுமுறையில் போனவரும் திரும்பிவிட்டார். தலைவி வருத்தத்தோடுதான் வேலைநீக்கக் கடிதத்தைத் தந்தார். கணவரின் தமையன் வைலேயில் இருந்தார், அங்கே வேலை இருக்கிறது என்றார். போவதென்று முடிவெடுத்தோம்.

செய்தி கேட்டுக் கிரேன்காரர் ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். "சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. என்னட்டை ட்ரெய்லர் இருக்கு," என்றார். தளபாடம் என்று எங்களிடம் இருந்தது ஒரு கட்டில், ஓர் அலுமாரி, ஒரு தையல் மெசின். அதை ஏற்றிக்கொண்டு நாங்கள் இருந்த தீவைக் குறுக்கறுத்து, பெரிய பெல்ட் என்ற நீரிணையைக் கடக்கும் ஃபெரியைப் பிடித்தோம். கணவர் கடலைப் பார்க்க மேல்தட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் கோப்பியோடு உட்கார்ந்திருந்தோம்.

"அண்டைக்கு நீங்கள் இல்லாட்டி நான் எடுத்திருப்பன்," என்றார்.

"தெரியும்."

"ரெண்டு கிழமை உங்களில கோவம்."

"அதுவும் தெரியும்."

"பிறகு கோவம் போயிட்டுது. ஆனா எடுத்திருக்கலாம் எண்டுதான் இப்பவும் நினைக்கிறன்."

அவர் எழுந்து கணவருக்கும் சேர்த்துச் சொசேஜ் வாங்கப் போனார்.

வைலேயில் அலுமாரியை மூன்றாம் மாடிக்கு ஏற்றிவிட்டு, தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் மாலை ஃபெரிக்குத் திரும்பினார். அடுத்த நாள் அவருக்கு வேலை. சில வருடங்கள் நத்தார்ப் பண்டிகைக்கு வாழ்த்து அட்டை அனுப்பினார். ஆலையை இரண்டாகப் பிரிக்கப்போவதாக ஒன்றில் எழுதியிருந்தார். வெகு காலத்துக்குப் பிறகு உலைகள் நின்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வெளிநாட்டிலிருந்து உருக்குக் கட்டிகளை இறக்கி, அங்கே உருட்டித் தகடாக்குகிறார்களாம்.

எனக்கு வைலேயில் ஒரு பாற்பண்ணையின் ஆய்வுகூடத்தில் இடம் கிடைத்தது. நேர்முகத்தில், முன்பு எதை ஆய்ந்தீர்கள் என்று கேட்டார்கள். உருக்கு என்றேன். கேட்டவர் சிரித்தார். திங்கட்கிழமை வரச்சொன்னார்.