அப்பா அறையில் ஒரு சர்வர்

சின்னக் கடைக்காரர்களுக்கு இணையத்தில் இடம் கொடுப்பது அவள் தொழில். தச்சுப் பட்டறை, பல் டாக்டர், பாட்டு வகுப்பு என்று வாடிக்கையாளர்கள் சில்லறையாகத்தான் வந்தார்கள். அவர்களுடைய வெப்சைட்டுகள் எங்கோ ஒரு டேட்டா சென்டரில், வாடகைக்கு எடுத்த இயந்திரத்தில் இருந்தன. ஆர்டர், முகவரி, கணக்கு எல்லாம் அடங்கிய டேட்டாபேஸ் சர்வர் மட்டும் அவள் வீட்டில், அப்பாவின் அறையில் இருந்தது. அதற்குப் பெரிய தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் இல்லை. சர்வர் சூடாகக் கூடாது; வீட்டில் ஏசி இருந்தது அந்த அறையில்தான்.

ஏசி அப்பாவுக்காக வாங்கியது. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய், கட்டிலே கதி என்று ஆகிவிட்ட மனிதர். "அப்பா, உங்க ரூம்ல ஒரு விருந்தாளிய வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அலமாரியின் கீழ்த்தட்டில் சர்வரை வைத்தாள்.

ஒரு நாள் கட்டில் கம்பியை டொக் டொக்கென்று தட்டும் சத்தம் கேட்டது. அடித்துப் பிடித்து ஓடினாள். தண்ணீரா என்றாள், தலையணையா என்றாள். எரிச்சலோடு நல்ல கையை நீட்டி அவர் சர்வரைக் காட்டினார். காதை வைத்துக் கேட்டபோதுதான் உள்ளே இருந்த விசிறி கரகரப்பது தெரிந்தது. நாளெல்லாம் அதையே கேட்டுக்கொண்டு கிடப்பவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அன்றிலிருந்து அவருக்கு ஒரு உத்தியோகம் கிடைத்துவிட்டது. ஏசி நின்றால் தட்டுவார், டிஸ்க் முனகினால் தட்டுவார். தனக்கென்று மட்டும் ஒருமுறைகூடத் தட்டியதில்லை. நாக்கு வறண்டாலும் அவளாக வரும்வரை அப்படியே கிடப்பார். வீம்பு அவர் கூடப் பிறந்தது.

வீட்டு இணைய இணைப்புதான் மானத்தை வாங்கியது. "பேஜ் திறக்கறதுக்குள்ள பேஷண்ட்டுக்குப் பல்லு தானா விழுந்துடும் போலிருக்கேம்மா!" என்றார் பல் டாக்டர். தொழிலில் கூட்டாளியான அண்ணன் ஒற்றைக் காலில் நின்றான்.

"சைட் ஒரு இடம், டேட்டாபேஸ் ஒரு இடம். ஒவ்வொரு க்ளிக்குக்கும் நம்ம வீட்டுக்கு வந்து கேட்டுட்டுப் போக வேண்டியிருக்கு. ரெண்டையும் டேட்டா சென்டர்ல ஒண்ணா வெச்சுடலாம்."

"அப்பா?"

"அப்பாவுக்கென்ன, சத்தமில்லாம நிம்மதியா தூங்குவாரு."

அண்ணன் சொன்னதில் பிசகே இல்லை. ஆனாலும் அவள் ஏதேதோ சாக்குச் சொல்லி இழுத்தடித்தாள். ஒரு காலை முழுக்க இணைப்பு அறுந்து, பாட்டு வகுப்புக்காரி கோபித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போன பிறகு, இழுக்க எதுவும் மிஞ்சவில்லை. சரி என்றாள்.

அண்ணன் சர்வரைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனான். அப்பாவின் கண்கள் வாசல்வரை கூடவே போயின.

"இனிமே உங்களுக்கு ஏதாவது வேணும்னா தட்டுங்கப்பா. நான் பக்கத்து ரூம்லதான் இருப்பேன். சரியா?"

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

வெப்சைட்டுகள் பறந்தன. பல் டாக்டர் கூப்பிட்டு வாயாரப் புகழ்ந்தார். சூடு ஏறினாலோ டிஸ்க் நிறைந்தாலோ திரையில் சிவப்பு எரியும்படி அவள் செய்து வைத்தாள். பக்கத்து அறையிலிருந்து அதன் பிறகு தட்டும் சத்தம் வரவே இல்லை.

ஒரு பிற்பகல், திரையில் எல்லாம் பச்சையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பாலை ஆற்றி எடுத்துக்கொண்டு போனாள். அப்பா போயிருந்தார். நல்ல கை கட்டில் கம்பியைப் பிடித்தபடி இருந்தது. தட்ட நினைத்தாரா, வலியில் பிடித்துக்கொண்டாரா, யார் சொல்வது? நடுவில் இருந்தது ஒரே ஒரு சுவர். அதை நினைத்து நினைத்து அழுதாள். அவர் கையில் இருந்த ஒரே வேலையைத் தானே பிடுங்கிவிட்டோம் என்ற எண்ணம் அவளை விட்டுப் போகவில்லை.

சில மாதங்கள் கழித்து அண்ணன் தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தான்.

"டேட்டா சென்டர்லயே எல்லாத்தையும் வெச்சிருக்கக் கூடாது. அங்க ஏதாவது ஆனா கையில நகல் இருக்கணும், அதுக்கு இன்னொரு சர்வர் வெளிய வேணும். அப்பா ரூம் சும்மாதானே கிடக்கு? ஏசியும் இருக்கு."

அவள் அலமாரியின் காலிக் கீழ்த்தட்டைப் பார்த்தாள்.

"வேணாண்ணே," என்றாள். "சத்தம் மாறினா தட்டறதுக்கு இங்க ஆளில்ல."