மகள் வேலை செய்த கப்பலில் நான்கு நாட்கள்

என் மகள் கப்பலில் ஸ்பாவில் வேலை செய்கிறாள் என்பதை மூன்று வருடமாக நான் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் ரிசெப்ஷனில் இருக்கிறாள் என்றேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பித்த ஆசிரியைகளுக்கும் அதேதான். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று எங்கள் ஊர் உடப்பில் இருபத்தாறு வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்று சொன்னவள் நான்.

எங்கள் பக்கத்தில் ஸ்பா என்ற சொல்லுக்கு இருந்த பெயர் அப்படி. சிலாபத்துக்குப் பஸ்ஸில் போகும்போது அப்படி எழுதிய பலகைகளைப் பார்த்திருக்கிறேன். கறுப்புக் கண்ணாடிக் கதவு, மேலே ஒரு சிவப்பு லைட். சில நாட்களில் பேப்பரில் படம் வரும்: பொலிஸ் ஜீப்பில் ஏறுகிற பெண்கள், முகத்தைத் துணியால் மூடியபடி. அந்தப் படங்களை நான் ஒருபோதும் முழுதாகப் பார்த்ததில்லை. பக்கத்தை உடனே திருப்பிவிடுவேன்.

யுத்தம் முடிந்து கொஞ்சக் காலத்தில் கற்பிட்டிப் பக்கம் ஹோட்டல்கள் வந்தன. வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டங்களைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் சறுக்க வந்தார்கள். மகள் படிப்பை முடித்துவிட்டு அங்கே ஒரு ஹோட்டலில் சலவைப் பகுதியில்தான் முதலில் சேர்ந்தாள். மசாஜ் அறையில் இருந்த சிங்கள அம்மா ஒருவர் அவளுடைய கையைப் பார்த்து, இந்தப் பிள்ளைக்குக் கையில் ஒரு பக்குவம் இருக்கிறது என்று சொல்லித் தன்னோடு வைத்துக்கொண்டார். அதன் பிறகு கொழும்பில் ஒரு வருடப் படிப்பு. நரம்பு, தசை, எலும்பு எல்லாம் படம் போட்ட தடித்த புத்தகங்களை விடுமுறையில் கொண்டுவந்து படிப்பாள். பிறகு கப்பல்.

முதல் ஒப்பந்தம் முடிந்து அவள் வீட்டுக்கு வந்திருந்தபோது முன்னேஸ்வரத்திலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தார்கள். நல்ல குடும்பம். இரண்டு தரம் வந்து போனவர்கள் மூன்றாம் தரம் வரவில்லை. ஏன் என்று எங்களுக்குச் சொல்லவும் இல்லை; அவளுடைய வேலையை எங்கேயோ விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். காரணத்தை எங்கள் குசினியிலேயே சொன்னவர் என் மச்சாள். என் கணவரின் அக்கா அவர். புருஷன் கடலில் இறந்துபோன பிறகு எங்களோடுதான் இருக்கிறார்.

"கண்டவன்ட உடம்ப உருவுற புள்ளய ஆர் கட்டுவான்?" என்றார், தேங்காய் துருவிக்கொண்டே.

மகள் பக்கத்து அறையில் இருந்தாள். கேட்டிருப்பாள். கப்பலுக்குப் போகவேண்டிய நாளுக்கு இரண்டு கிழமை முன்னாலேயே கிளம்பிவிட்டாள். நான் மச்சாளைக் கண்டித்திருக்க வேண்டும். செய்யவில்லை. அவர் வாயால் சொன்னதைத்தான் நான் மனதுக்குள் வைத்திருந்தேன், அதனால் எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாம் வருடம் மகள் போன் எடுத்து, கப்பலில் வேலை செய்கிறவர்களின் வீட்டாருக்குச் சலுகையில் இடம் கிடைக்கிறது, சிங்கப்பூரிலிருந்து நான்கு நாள் போய்த் திரும்புகிற பயணம், மூன்று பேரும் வாருங்கள் என்றாள். மாமியுமா என்று மச்சாளைக் குறித்துக் கேட்டேன். மாமியும்தான், மாமி வராவிட்டால் நீங்களும் வரவேண்டாம் என்றாள்.

என் கணவர் நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். யுத்தத்தின்போது நேவிக்காரரிடம் பாஸ் எடுத்து, கரையில் வரிசையில் நின்று, குறித்த நேரத்துக்குள் திரும்பி வந்த காலத்தையும் பார்த்தவர். கடலைப் பார்க்க நான் சிங்கப்பூருக்குப் போகவேண்டுமா என்றார். ஆனாலும் இரண்டு புதுச் சேர்ட் தைக்கக் கொடுத்தார்.

கப்பலைத் துறைமுகத்தில் கண்டபோது மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். ஒரு ஊரை நிமிர்த்தி வைத்தது போல இருந்தது. உள்ளே ஏறியதும் கணவர் செய்த முதல் வேலை, காலை அகட்டி நின்று ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தது. ஒரு அசைவும் இல்லை. அவருக்கு அது பெரிய ஏமாற்றம்.

சாப்பாடு எங்களை முதல் நாள் தோற்கடித்துவிட்டது. ஒரு மண்டபம் நீளத்துக்கு உணவு. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் நடந்துகொண்டே இருந்தோம். மச்சாள் எதற்குள்ளும் மாட்டிறைச்சி இருக்கும் என்ற பயத்தில் பாணும் பப்பாசிப்பழமும் மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கணவர் மீன் வைத்திருந்த இடத்தில் நின்று, வெட்டிய துண்டைக் குனிந்து பார்த்து, ஐஸில் ஐந்து நாள் கிடந்த மீன் என்று தீர்ப்புச் சொன்னார். சொல்லிவிட்டு மூன்று துண்டு எடுத்தார். சாப்பிட்டு முடிந்ததும் மச்சாள் தன் சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, கழுவுகிற இடம் எங்கே என்று தேடத் தொடங்கினார். பரிமாறுகிறவர் ஓடிவந்து சிரித்தபடி அதை வாங்கிக்கொண்டார். மச்சாள் வெறுங்கையோடு நின்ற விதம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பத்து வயதிலிருந்து அவர் கழுவாத கோப்பை அதுதான் முதலாவதாக இருக்கும்.

இரவுச் சாப்பாட்டுக்கு எங்களுக்கு ஒதுக்கிய மேசையில் சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண்மணி ஒருவர் தன் கணவரோடு இருந்தார். ஓய்வு பெற்ற தாதி. நன்றாகக் கதைத்தார். நாங்கள் எப்படி வந்தோம் என்று கேட்டார். மகள் இந்தக் கப்பலில்தான் வேலை செய்கிறாள் என்றார் என் கணவர்.

"அப்படியா, என்ன வேலை செய்றாங்க?"

கணவர் வாயைத் திறக்குமுன் நான் ரிசெப்ஷன் என்றேன். ஊர் தெரியாத, இனி ஒருபோதும் காணப்போகாத ஒருவருக்கு. கணவர் என்னைப் பார்த்துவிட்டு சூப்பைக் குடித்தார். மச்சாள் கோப்பையைப் பார்த்தார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கப்பலே அவள் வேலை செய்கிற இடம், அதற்குள் உட்கார்ந்துகொண்டு அவள் தரும் சாப்பாட்டைச் சாப்பிட்டபடி அவளை மறைக்கிறேனே என்று இருந்தது.

மகளுக்குப் பகல் முழுக்க வேலை. பயணிகளோடு இருக்க அவளுக்கு அனுமதித்த நேரம் கொஞ்சம். பின்னேரத்தில் அரை மணித்தியாலம் வெள்ளை உடுப்போடு வந்து, எங்களோடு மேல்தட்டில் நிற்பாள். சாப்பிட்டீங்களா, குளிருதா என்று கேட்பாள். இரண்டாம் நாள் அவள் சொல்லி ஏற்பாடு செய்ததில், சாப்பாட்டு மண்டபத்தின் பொறுப்பாளரே மச்சாளிடம் வந்து, எதில் மாட்டிறைச்சி இருக்கிறது, எதில் இல்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அன்றைக்கு மச்சாள் நான்கு விதமான இனிப்புச் சாப்பிட்டார். ஒன்றில் நெருப்பு வைத்துக் கொண்டுவந்தார்கள், அதையும்.

வேலை செய்கிற இடத்தைக் காட்டு என்று நான் மகளிடம் கேட்கவில்லை. அவளும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவளிடம் சொல்லாமல் நானாகவே எங்கள் அறை போனில் ஸ்பாவைக் கூப்பிட்டு, எனக்கு ஒரு நேரம் எடுத்தேன். சோதிக்கத்தான் போனேன் என்பதை மறைக்கத் தேவையில்லை. மச்சாள் நானும் வாறேன் என்றார். முழங்கால் நோவாம்.

கறுப்புக் கண்ணாடி இல்லை. கதவு திறந்தே இருந்தது, உள்ளே வெயில் விழுந்த நீளமான ஒரு அறை, கடலைப் பார்த்த கதிரைகள். முதலில் ஒரு படிவம் தந்தார்கள். என்ன வருத்தம் இருக்கிறது, ஒப்பரேஷன் செய்ததா, எங்கே நோவு, எங்கே தொடக் கூடாது. கடைசிக் கேள்வியில் என் பேனை நின்றது. அந்தக் கேள்வியை என்னிடம் வாழ்க்கையில் ஒருவரும் கேட்டதில்லை. டொக்டர்கூட.

எனக்கு வந்தவள் இந்தோனேசியப் பிள்ளை. குப்புறப் படுக்கச் சொன்னாள். முகத்தை வைக்கக் கட்டிலில் ஒரு ஓட்டை. அதற்குக் கீழே தரையில் ஒரு தண்ணீர்க் கிண்ணத்தில் பூ மிதந்தது. ஒவ்வொரு தரமும் துணியை விலக்குமுன் கேட்டாள். கரும்பலகையில் கை தூக்கித் தூக்கி இறுகிப்போன என் வலது தோளை அவள் கண்டுபிடித்து, அங்கேயே கனநேரம் நின்றாள். நான் நித்திரையாகிவிட்டேன். சோதிக்க வந்தவள் குறட்டை விட்டதாகப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த மச்சாள் பிறகு சொன்னார்.

முடிந்ததும் இரண்டு பேரையும் தளர்ந்த உடுப்போடு முன்னறையில் இருத்தி இஞ்சித் தேநீர் தந்தார்கள். அப்போதுதான் அது நடந்தது. எங்களுக்கு எதிரே இருந்த அறையின் கதவைத் திறந்துகொண்டு என் மகள் வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு ஆள், பெரிய உடம்பு, சிரித்துச் சிரித்து ஏதோ சொல்லிக்கொண்டு வந்தான். மகள் திரும்பவில்லை. அவன் எட்டி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தான்.

மூன்று வருடமாக நான் நித்திரையில்லாமல் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். அது என் கண்ணுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. எழும்புவதற்காகத் தேநீரைக் கீழே வைத்தேன்.

மகள் கையை இழுத்துக்கொண்டாள். இழுபறி இல்லை, ஒரே இழுப்பு. ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொன்னாள்: உங்களுக்கான நேரம் முடிந்துவிட்டது, ஐயா. குரல் உயரவில்லை. சொல்லிக்கொண்டே சுவரில் இருந்த ஒரு பொத்தானை அழுத்தினாள். உள்ளேயிருந்து மேற்பார்வைக்காரப் பெண் வந்தார், வெளியேயிருந்து சீருடைக்காரர் ஒருவர் வந்தார். பகிடிக்குச் செய்தேன் என்றான் அந்த ஆள். ஒருவரும் அவனோடு வாதாடவில்லை. அறை இலக்கத்தைக் கேட்டு எழுதினார்கள். பயணம் முடியுமட்டும் இந்தப் பக்கம் வரக் கூடாது என்றார்கள். சீருடைக்காரர் கூட்டிக்கொண்டு போனார். மேற்பார்வைக்காரர் மகளின் முதுகில் கையை வைத்து ஏதோ கேட்டார். அவள் தலையை ஆட்டினாள்.

பிறகுதான் எங்களைக் கண்டாள். முகம் ஒரு கணம் வெளுத்தது. கிட்ட வந்து குனிந்தாள்.

"அம்மா, தேத்தண்ணி ஆறுது, குடிங்க. எனக்கு அடுத்த ஆள் காத்துக்கொண்டிருக்கு."

அடுத்த ஆள் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி, நடக்க உதவும் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவர். மகள் அவருடைய முழங்கையைத் தாங்கி, அவருடைய நடைக்கு நடை வைத்து உள்ளே கூட்டிப்போனாள்.

நான் தேநீரைக் குடித்தேன். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அங்கே அப்படி ஒன்றும் நடப்பதில்லை என்று யாராவது எனக்குச் சத்தியம் பண்ணியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். நடக்கிறது. நடந்தால் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரிகிறது, அவளுக்குப் பக்கத்தில் ஆட்களும் இருக்கிறார்கள். இதைவிடப் பெரிய ஆறுதல் எனக்குக் கிடைத்திருக்காது. அறைக்குத் திரும்பும்வரை மச்சாள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

கடைசி இரவுச் சாப்பாட்டுக்கு மகளுக்கு எங்களோடு மேசையில் இருக்க அனுமதி கொடுத்திருந்தார்கள். நீலச் சேலை உடுத்து வந்தாள். சிங்கப்பூர்ப் பெண்மணி அவளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, ரிசெப்ஷனில் உன்னைக் காணவில்லையே, எந்த நேரத்தில் வேலை என்று கேட்டார்.

மகள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. நான் அப்படித்தான் சொல்லிவருகிறேன் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது போலத்தான் பார்த்தாள். அதுதான் எனக்குச் சுட்டது.

"நான் பொய் சொன்னேன்," என்றேன். "மகள் ஸ்பாவில வேலை செய்யிறா. சொல்ல வெக்கப்பட்டேன். வெக்கப்படவேண்டியது நான்தான், அவ இல்ல."

பிறகு மச்சாள் வாயைத் திறந்தார். நான் பயந்தேன். ஆனால் அவர் காலையில் நடந்ததை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். அந்த ஆளின் உயரம், மகள் கையை இழுத்த விதம், பொத்தான், சீருடைக்காரர், எதையும் விடவில்லை. இரண்டொரு விஷயம் கூட்டியும் சொன்னார். என் கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"எங்கட வீட்டில ஆம்பளையள் கடல்ல காத்து மாறினா சத்தம் போடுவினம்," என்றார் மச்சாள். "இந்தப் புள்ள சத்தமே போடேல்ல." பிறகு மகளிடம் திரும்பி, "நான் குசினிக்குள்ள கதைச்சது உனக்குக் கேட்டது என்டு எனக்குத் தெரியும்," என்றார்.

"ஓம் மாமி, கேட்டது," என்றாள் மகள். அவ்வளவுதான். ஆனால் தன் கோப்பையிலிருந்த இனிப்பில் பாதியை வெட்டி மாமிக்கு வைத்தாள்.

கப்பலுக்கு வந்த புதிதில் அப்படி ஒருவன் கையைப் பிடித்தபோது பயந்துபோய்க் குளியலறைக்குள் இருந்து அழுததாகவும், அந்த மேற்பார்வைக்காரப் பெண்தான் பொத்தானைக் காட்டிப் பத்துத் தரம் அழுத்தப் பழக்கியதாகவும் அவள் பிறகு எங்களுக்குச் சொன்னாள். சிங்கப்பூர்ப் பெண்மணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தாதி வேலையில் தனக்கும் இதெல்லாம் நடந்ததுதான், ஆனால் தங்கள் வார்டில் பொத்தான் இருக்கவில்லை என்றார். பிறகு, காலையில் இறங்குமுன் தன் கழுத்தைப் பார்க்க நேரமிருக்குமா என்று மகளிடம் கேட்டார். ஏழு மணிக்கு வாங்க என்றாள் அவள்.

அன்றைக்கு நான் எல்லாம் சாப்பிட்டேன். ஆட்டிறைச்சி, வெண்ணெயில் வாட்டிய கீரை, பெயர் தெரியாத ஒரு வெள்ளைச் சோஸ். மகள் ஒவ்வொன்றும் என்னவென்று சொல்லித் தந்தாள். கணவர் ஐஸ்கிரீம் மூன்றாம் தரமும் கேட்டார்.

ஊருக்கு வந்த கிழமையே செய்தி ஊர் முழுக்கப் போய்விட்டது. மச்சாள் கோயிலடியிலும் மீன் வாங்குகிற இடத்திலும் சொல்லியிருந்தார். என்னிடம் வந்து கேட்டவர்களுக்கு நானும் ஸ்பா என்றே சொன்னேன். ஒருத்தி உதட்டைச் சுழித்தாள். என்னோடு படிப்பித்த ஆசிரியை ஒருவர், கொழும்பில் அந்தப் படிப்பு எந்த இடத்தில், தன் இரண்டாவது மகளுக்கு விருப்பம் இருக்கிறது என்று கேட்டுப் பேப்பரில் எழுதிக்கொண்டு போனார். மகளுக்கு இன்னும் சம்பந்தம் அமையவில்லை. அவள் அவசரப்படவும் இல்லை. இப்போது ஸ்பாவில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளைப் பழக்குகிற வேலையும் அவளுக்குத்தான் தந்திருக்கிறார்கள். போன கிழமை கதைத்தபோது, என் வலது தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கொஞ்சம் இறுகித்தான் இருக்கிறது, நீ வந்து பார் என்றேன்.